வெள்ளை பூசிய ஊர்

போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் உங்களில் ஒருத்தி போட்ட பழைய போட்டோவை நானும் பார்த்தேன்.  சவுதியில் நம் ஜுபைல் பள்ளிக்கூடத்துக் கூடம், சுவர் முழுக்க சார்ட், கீழே வரிசையாக நாம். எல்லாருக்கும் ரெட்டைப் பின்னல், எல்லாருக்கும் ஒரே அசட்டுச் சிரிப்பு. "இவ யாருடி, அவ எங்கடி இப்போ" என்று ஆளாளுக்குக் கூத்தடித்துக்கொண்டிருந்தீர்கள். அதில் ஒருத்தி என் சார்ட்டைப் பெரிதாக்கிப் பார்த்து, "ஏய், உன் மேப் நடுவுல என்னடி வெள்ளையா இருக்கு? வொய்ட்னரைக் கொட்டிட்டியா?" என்று கேட்டிருந்தாள். அதற்குப் பத்துப் பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தீர்கள்.

நமக்கெல்லாம் வயசாகிவிட்டது. எனக்கு மூட்டு வலி, கண்ணாடி இல்லாவிட்டால் ஓர் எழுத்து தெரியாது. இனிமேல் யாருக்குப் பயந்து என்ன ஆகப்போகிறது? ஆனாலும் அந்தக் கேள்வியைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பதிலை ஒரு வரியில் சொல்ல முடியாது. அதனால்தான் இவ்வளவு நீளம். பொறுமையாகப் படியுங்கள். படித்துவிட்டுச் சிரிப்புப் பொம்மை மட்டும் போட்டுவிடாதீர்கள்.

என் அம்மா ஒரு கிளினிக்கில் நர்ஸ், அப்பா பிளான்ட்டில் டெக்னீஷியன் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வருஷம் எங்கள் வீட்டில் ஏழு வாரம் ஓர் ஆளை ஒளித்து வைத்திருந்தோம் என்பது தெரியாது. உங்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் பத்து வயசில் என் முழுநேர வேலையாக இருந்தது.

அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். எத்தியோப்பியாக்காரி. யாரோ ஒருவர் வீட்டில் வேலைக்கு வந்தவள். முதல் தடவை அவளை அந்த வீட்டம்மாதான் கிளினிக்குக்குக் கூட்டி வந்தாளாம். கையில் வெந்நீர் பட்ட புண். அம்மா மருந்து போடும்போது அக்காவின் தலைத்துணி விலகி, நெற்றி நடுவில் பச்சை குத்திய சின்னச் சிலுவை தெரிந்திருக்கிறது. அம்மா குமரிக் கடற்கரைக்காரி. வீட்டுக்குள்ளேயே திரையை இழுத்துவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் செபமாலை சொல்கிறவள். நெற்றியிலேயே சிலுவையோடு ஒருத்தி இந்த ஊரில் நடமாடுகிறாளே என்று ஆடிப்போய்விட்டாள். பத்து நாள் கழித்து அக்கா தனியாக, காலில் செருப்புகூட இல்லாமல், கிளினிக்கின் பின்வாசலில் வந்து நின்றாள். இப்போது மற்றக் கையிலும் புண். அம்மா தன் மாற்று அபாயா அங்கியை அவளுக்குப் போட்டுவிட்டு டாக்ஸியில் ஏற்றிக் கூட்டி வந்துவிட்டாள்.

அப்பா டூட்டி முடிந்து வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே நின்று கத்தினார். கத்தினார் என்றா சொன்னேன்? தொண்டைக்குள்ளேயே கத்தினார். சுவருக்கு அந்தப் பக்கமும் ஆட்கள் இருந்தார்களே.

"ஒனக்கு என்ன கிறுக்கா? ஓடிவந்த ஆளை வீட்டில வெச்சா என்ன ஆகும்னு தெரியுமா? அவளைக் கொண்டாந்த கஃபீல் கம்ப்ளெயின்ட் குடுத்திருப்பான். ஒன் டூட்டி, என் டூட்டி, பிள்ளைக்க படிப்பு, எல்லாம் கலாஸ்!"

"அந்தக் கையைப் பாத்துட்டுச் சொல்லுங்க," என்றாள் அம்மா.

"கையைப் பாக்கணுமாம் கையை. ஜெயிலைப் பாக்கப் போறே நீ."

ஆனால் பார்த்தார்.  ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "புண்ணு ஆறுற வரைக்கும்," என்றார். "அப்புறம் ரியாத்துக்கு, அவ எம்பசிக்கு, எப்படியாவது அனுப்பிரணும். ஒண்ணு சொல்றேன். அவ பேரு, ஊரு ஒண்ணும் கேக்காதே. தெரியாத விஷயத்தை அடிச்சுக் கேட்டாலும் சொல்ல முடியாதுல்லா."

இது பெரிய புத்திசாலித்தனம் என்று அன்றைக்கு நாங்கள் மூன்று பேருமே நினைத்தோம்.

அம்மா என்னை அடுக்களையில் நிறுத்தி, தாடையைப் பிடித்து நிமிர்த்திச் சொன்னாள். "மக்ளே, இந்த வீட்டில நம்ம மூணு பேரு. யாரு கேட்டாலும் மூணு பேரு. கேட்டியா? டீச்சர் கேட்டாலும் மூணு, கூட்டுக்காரி கேட்டாலும் மூணு."

ஊருக்குப் போகும்போது கட்டுவதற்காகச் சேர்த்து வைத்த அட்டைப் பெட்டிகள் ஒரு சின்ன அறை நிறைய இருந்தன. பெல் அடித்தால் அக்கா அவற்றுக்குப் பின்னால் போய்விட வேண்டும். நாங்கள் இல்லாத நேரத்தில் குழாய் திறக்கக் கூடாது, ஃபிளஷ் இழுக்கக் கூடாது, ஜன்னல் பக்கம் நிழல் விழக் கூடாது. சாப்பிட்டதும் நாலாவது தட்டை உடனே துடைத்து அலமாரிக்குள் வைக்க வேண்டும். அந்தத் தட்டு என் பொறுப்பு. ஓரத்தில் நீலப் பூப் போட்ட பீங்கான் தட்டு.  எந்நேரமும் பயம். லிஃப்ட் எங்கள் மாடியில் நின்றால் பயம், நிற்காமல் மேலே போனால் எதற்குப் போகிறது என்று பயம். இன்றைக்கும் வீட்டில் பெல் அடித்தால் கையில் இருப்பதை அப்படியே பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றுவிடுவேன். என் மகள் கேலி செய்வாள்.

அப்பா எல்லாரையும்விட அதிகமாகப் பயந்தது எங்கள் கட்டடத்துக் காவல்காரருக்குத்தான். வயதான ஏமன்காரர். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போகிற வருகிற எல்லாரையும் பார்த்துக்கொண்டிருப்பார். "அவன் கண்ணு ஒரு கேமரா," என்பார் அப்பா. நான் பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு அவரைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

இந்த நிலைமையில்தான் நம் சோஷியல் டீச்சர் எக்ஸிபிஷன் என்று ஆரம்பித்தார். ஞாபகம் இருக்கிறதா? ஆளுக்கு ஒரு நாடு. அந்த நாட்டின் நிலம், மக்கள், பாதைகள், எல்லாம் ஒரு சார்ட்டில் வர வேண்டும். நீங்கள் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் அடித்துக்கொண்டீர்கள். என் முறை வந்தது. நான் எழுந்து எத்தியோப்பியா என்றேன். வீட்டிலேயே ஓர் ஆள் இருக்கும்போது புத்தகம் எதற்குத் தேட வேண்டும் என்பதுதான் என் கணக்கு. அதைவிட முட்டாள்தனம் உலகத்தில் உண்டா? டீச்சர் நோட்டில் எழுதிக்கொண்டே, "வித்தியாசமா இருக்கே!" என்றார். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. 

வீட்டில் சொன்னதும் அம்மா பளாரென்று ஓர் அறை விட்டாள். "ஏட்டி, ஒலகத்தில வேற நாடே கெடைக்கலியா ஒனக்கு?"

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். நாட்டை மாற்றினால் ஏன் என்று டீச்சர் கேட்பார், மாற்றாவிட்டாலும் கேட்பார். கடைசியில், "அட்லஸைப் பாத்து எழுது. அட்லஸ்ல உள்ளது மட்டும். ஒரு வரி கூடுதலா எழுதப்பிடாது," என்றார்.

ஆனால் அக்காவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அட்லஸை விரித்ததுமே பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வந்த நாளிலிருந்து அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. எனக்குப் பள்ளிக்கூடத்து இங்கிலீஷும் கொஞ்சம் அரபியும் தெரியும், அவளுக்குக் கொஞ்சம் அரபியும் நாலு இங்கிலீஷ் சொல்லும் தெரியும். அது போதுமானதாக இருந்தது.

நம் அட்லஸ் பழசு. அதில் அவள் நாட்டுக்குச் செங்கடல் ஓரமாக நீளமாகக் கடற்கரை இருந்தது. அக்கா அதன்மேல் விரலால் ஒரு கோடு இழுத்து, "பஹர் மாஃபி. கலாஸ்," என்றாள். கடல் இல்லை, முடிந்தது. வடக்குப் பக்கம் பிரிந்து தனி நாடாகப் போய்விட்டதாம், போகும்போது கடலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டதாம். கடற்கரைக்காரி மகளான எனக்கு அது தாங்கவில்லை. ஒரு நாட்டுக்குக் கடல் இல்லாமல் போகுமா?

மதியம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மா டூட்டியில் இருப்பாள். அக்கா கோதுமை மாவைத் தாம்பாளத்தில் கொட்டி நாட்டைக் கட்டிக் காட்டுவாள். நடுவில் உயர உயரமாக மலை. மலைக்கு மேலே பரந்த சமவெளி, அங்கேதான் ஜனங்கள். ஒரு குழி தோண்டி ஸ்பூனால் தண்ணீர் விட்டால் அது டானா ஏரி. அங்கேயிருந்து நைல் கிளம்பி மாவை அரித்துக்கொண்டு வளைந்து வளைந்து எகிப்துக்குப் போகும். கிழக்கே மாவு முழுவதையும் வழித்து எடுத்துவிட்டு உப்பைத் தூவினாள். அது பள்ளத்து உப்புப் பாலைவனம். ஜன்னலைக் காட்டி, "இது மாதிரி சூடு," என்று முகத்தைச் சுளித்தாள். ஒட்டகத்தில் உப்புக்கட்டிகளை ஏற்றிக்கொண்டு மலைமேலே வருவார்களாம்.

ரயில் ஒரே ஒரு தடம்தான். தலைநகரத்திலிருந்து கிழக்கே ஜிபூட்டி துறைமுகத்துக்கு. அதை நூலால் போட்டாள். அவள் அதில் ஏறியதே இல்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இத்தாலிக்காரன் போட்ட மலைரோடு. டெஸ்ஸி என்ற ஊரிலிருந்து விடியும் முன்னால் பஸ் ஏறினால் பொழுது சாயும்போது தலைநகரம். ரோடு இல்லாத ஊர்தான் அதிகம், நடக்க வேண்டியதுதான் என்று இரண்டு விரல்களை மாவின்மேல் நடத்திக் காட்டினாள். மக்களைப் பற்றிக் கேட்டேன். அம்ஹாரா, ஒரோமோ, திக்ரே, சோமாலி, அஃபார் என்று விரல்விட்டு எண்ணி, விரல் தீர்ந்ததும் என் விரலைப் பிடித்து எண்ணினாள். அவள் ஊரில் ஒரு பக்கம் கிறிஸ்தவக் கோயில், ஒரு பக்கம் பள்ளிவாசல். ஒரே குடும்பத்தில் சித்தப்பா முஸ்லிம், அப்பா கிறிஸ்தவர். பதின்மூன்று மாசமாம் அவர்கள் வருஷத்துக்கு, கடைசி மாசத்துக்கு ஐந்தே நாளாம். சூரியன் உதித்து ஒரு மணி நேரம் ஆனால் அங்கே மணி ஒன்றாம். இதெல்லாம் எந்த அட்லஸில் இருக்கிறது? அப்பா சொன்னதையும் மீறி நான் எல்லாவற்றையும் சார்ட்டிலேயே எழுதினேன். எழுத எழுத ஆசை, எழுத எழுதப் பயம்.

ஒரு நாள் அவள் பச்சைக் காப்பிக்கொட்டை கேட்டாள். அம்மா பாவம் பார்த்து வாங்கி வந்தாள். வாணலியில் அதை அக்கா வறுத்தாள் பாருங்கள், அந்த வாசனை! புகையைக் கையால் தள்ளி எங்கள் முகத்துக்கு அனுப்பினாள். மூன்று சின்ன டம்ளர்களில் ஊற்றினாள். அம்மா முதல் வாய் குடித்திருப்பாள், பெல் அடித்தது.

அக்கா பெட்டிகளுக்குப் பின்னால் ஓடிவிட்டாள். அம்மா கதவைத் திறந்தாள். ஏமன்காரக் காவல்காரர். ஏசி தண்ணீர் கீழே சொட்டுவதாகச் சொல்ல வந்திருந்தார். சொல்லிவிட்டு அப்படியே நின்றார். அவர் பார்வை அம்மாவைத் தாண்டித் தரைக்குப் போயிற்று. அங்கே மூன்று டம்ளர்கள் ஆவி பறக்க இருந்தன. அப்பா பிளான்ட்டில் இருந்தார் என்பது வாசலில் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியாதா? எனக்கு மூத்திரமே வந்துவிட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவர் மெதுவான அரபியில், "காப்பி வாசனை தெருவரைக்கும் வருகிறது, ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள் சகோதரி," என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குக் கூடக் காத்திராமல் படியிறங்கிப் போய்விட்டார்.

"மோப்பம் பிடிச்சிட்டான். போலீஸ்தான் அடுத்தது," என்றார் அப்பா. போலீஸ் வரவே இல்லை. அவர் எங்களைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார் என்பது புரிய எனக்கு இருபது வருஷம் ஆயிற்று. அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் புரியவில்லை.

சார்ட் கொடுக்க வேண்டியதற்கு முந்தின நாள். மேப்புக்குக் கலர் அடித்து முடித்தேன். மலைக்கு பிரவுன், ஏரிக்கு நீலம், ரயிலுக்குச் சிவப்பு. அக்கா என் கையிலிருந்து கறுப்பு ஸ்கெட்ச் பேனாவை வாங்கினாள். டெஸ்ஸியிலிருந்து வடக்கே மெல்லிசாக ஒரு கோடு இழுத்து, அதன் முனையில் ஒரு புள்ளி வைத்தாள். புள்ளிக்குப் பக்கத்தில் அவள் மொழியில் எழுதினாள். கையும் காலும் முளைத்த ஆட்கள் நிற்பது போன்ற எழுத்து அது. என் ஆள்காட்டி விரலைப் பிடித்து அந்தப் புள்ளியில் வைத்து அழுத்தினாள்.

"ஹினா. பேத். உம்மி," என்றாள். இங்கே. வீடு. என் அம்மா.

ஊர் பெயரை மூன்று தடவை சொன்னாள். நடுவில் தொண்டைக்குள் டக்கென்று உடைகிற மாதிரி ஒரு சத்தம். எனக்கு நாக்கு வரவில்லை, இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் சிரிப்பு நின்றது. என் நெஞ்சைத் தொட்டு, "யூ நோ. ஒன்லி யூ," என்றாள். அவள் வீடு எங்கே என்று அந்த ஊரில் யாரும் அவளைக் கேட்டதில்லை. எங்கள் வீட்டிலும்தான். ஒருத்திக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்திருக்கிறது. நான் பெரிய மனுஷி மாதிரித் தலையை ஆட்டினேன்.

மறுநாள் காலை பள்ளிக்கூட பஸ் வருவதற்குள் சார்ட்டை எடுத்துப் பார்த்தேன். மற்றதெல்லாம் என் கையெழுத்து. இந்த எழுத்து மட்டும் என்னுடையது இல்லை. யார் எழுதினது என்று டீச்சர் கேட்டால்? என் பாக்ஸில் வொய்ட்னர் இருந்தது. நான் அதை எடுத்தேன்.

எக்ஸிபிஷன் அன்றைக்கு எல்லா அப்பா அம்மாக்களும் வந்தார்கள். உங்களில் ஒருத்தியின் அப்பா, என் அப்பாவின் சூப்பர்வைசர், என் சார்ட்டுக்கு முன்னால் நின்று முழுவதையும் வாசித்தார். உப்பு ஒட்டகம், பதின்மூன்றாவது மாசம், காலை மணிக்கணக்கு. வாசித்துவிட்டு என் அப்பாவின் தோளில் தட்டி, "என்னப்பா, வீட்ல யாராச்சும் ஹபஷி, எத்தியோப்பியா ஆள் வெச்சிருக்கியா? இவ்ளோ விவரமா எழுதியிருக்கா உன் பொண்ணு!" என்று வாய்விட்டுச் சிரித்தார். பாராட்டுதான் அது. வேறு ஒன்றும் இல்லை. அவர் மகளும் இந்தக் குழுவில் இருக்கிறாள், அவள் மனசு வருத்தப்பட வேண்டாம். ஆனால் என் அப்பாவின் முகத்தில் ரத்தம் சுத்தமாக இறங்கிவிட்டது. அந்த நிமிஷத்தில்தான் நம் போட்டோவை எடுத்தார்கள். நான் சிரிக்கிறேன் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். உற்றுப் பாருங்கள், பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. தொழுகை நேரத்தில் ரோடு காலியாக இருக்கும் என்று அப்பா ஏற்பாடு செய்துவிட்டார். எங்கள் ஊர்க்கார டிரைவர் ஒருவர் டிரெய்லரில் ரியாத் போகிறார், எம்பசி வாசலில் இறக்கிவிடுவதாக ஒப்புக்கொண்டிருந்தார். கை இன்னும் முழுசாக ஆறவில்லை. "இன்னும் ஒரு வாரம் போகட்டும்," என்று அம்மா கெஞ்சினாள்.

"அந்த மனுஷன் எல்லார் முன்னாலயும் கேட்டுட்டான். இன்னும் ஒரு நாள் இங்க இருந்தா நாம நாலு பேரும் உள்ளதான்," என்றார் அப்பா. முதல் தடவையாக அவர் வாயிலிருந்து நாலு பேர் என்று வந்தது.

அம்மா தன் அபாயாவை அக்காவுக்குப் போட்டுவிட்டாள், நெற்றியை மறைத்துத் துணியைக் கட்டினாள், பிஸ்கட்டும் தண்ணீரும் கொடுத்தாள். வாசலில் அக்கா என் பக்கம் திரும்பினாள்.  இடது உள்ளங்கையை விரித்து, அதன் நடுவில் வலது விரலால் ஒரு புள்ளி வைத்துக் காட்டி, புருவத்தை உயர்த்தினாள். இருக்கிறதா?

நான் இருக்கிறது என்று தலையை ஆட்டினேன்.

மூன்றாம் நாள் டிரைவர் வந்தார். உட்காரவில்லை. "அண்ணே, செக் பாயிண்ட்ல ஒவ்வொரு வண்டியா நிப்பாட்டி இக்காமா கார்டு கேட்டுக்கிட்டு இருந்தான். எனக்கு ஈரக்குலையே நடுங்கிட்டு. அதுக்கு முன்னால ஒரு பெட்ரோல் பம்ப்ல எறக்கி, அங்கனயே நில்லு, திரும்பி வாறேன்னு சொன்னேன். வரும்போது பாத்தா ஆளைக் காணல. ரெண்டு மணி நேரம் தேடினேன், சத்தியமா," என்றார். அம்மா அவரைத் திட்டவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

இரண்டு வாரம் கழித்து அம்மா டூட்டியிலிருந்து ஓடிவந்தாள். கிளினிக்கில் தரை துடைக்கும் எத்தியோப்பியாக்காரி லீவில் ஊருக்குப் போகிறாளாம், அக்காவின் ஊர் பெயரை மட்டும் சொன்னால் எப்படியாவது வீட்டைத் தேடிப் போய்ச் சொல்லிவிடுவாளாம். மகள் காணாமல் போனதை ஒரு தாய்க்குச் சொல்ல வேண்டாமா? அங்கே இருப்பவர்கள் எழுதிப் போட்டால்தானே இங்கே யாராவது தேடுவார்கள்?

"மக்ளே, படத்தில எழுதிக் காட்டினாள்னு சொன்னியே. எங்கட்டி அது?"

சார்ட்டை எடுத்துக் கொடுத்தேன். அம்மா டெஸ்ஸியிலிருந்து விரலை வடக்கே கொண்டுபோனாள். விரல் வெள்ளையில் போய் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். ஜன்னல் வெயிலுக்கு நேராகச் சார்ட்டைப் பிடித்துப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. அப்பாவின் ஷேவிங் பிளேடை எடுத்து, புண்ணுக்குத் தையல் பிரிக்கிற கையால், மெதுவாகச் சுரண்டினாள். வெள்ளையோடு சேர்ந்து காகிதமும் பிய்ந்து வந்தது. அந்த இடத்தில் ஓட்டை விழுந்து, அது வழியாக அம்மாவின் விரல் தெரிந்தது.

"பேரைச் சொல்லு. மூணு தடவை சொன்னாள்லா? யோசி மக்ளே."

யோசித்தேன். தொண்டைக்குள் உடையும் அந்தச் சத்தம் மட்டும் ஞாபகம் வந்தது. அதைச் செய்து காட்டினேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அக்கா எம்பசி போய்ச் சேர்ந்தாளா, பிடிபட்டாளா, வேறு யாராவது நல்ல மனுஷர் வீட்டு அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்தாளா, எங்களுக்கு இன்று வரை தெரியாது. அம்மா சாகும்வரை செபமாலை முடிந்ததும் ஒரு மணியைக் கூடுதலாக உருட்டிச் சொல்வாள். யாருக்கு என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. அப்பாவும் கேட்கமாட்டார்.

அதனால் என்னிடம் கேட்டவளே, போட்டோவை நானும் எத்தனையோ தடவை பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். எவ்வளவு பெரிதாக்கினாலும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. வொய்ட்னர் கொட்டவில்லை. நான்தான் பூசினேன். முதல் பூச்சில் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. அதனால் ஊதி ஊதிக் காயவைத்து, இன்னொரு தடவை பூசினேன்.